ஒரே கட்டையில் இரண்டு தட்டு

எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட நாலு வரியில் "மற்றபடி எல்லாரும் சுகம்" என்று முடித்துவிடுகிற ஆள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. எண்பதுகளின் நடுவில் என்று மட்டும் சொல்லலாம். அப்போதுதான் புதுமாதிரி டிஜிட்டல் கீபோர்டுகள் கடைக்கு வந்து, பழைய சிந்தசைசர்களை எல்லாரும் கராஜ் சேலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழசுகள்தான், பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் என்று, எங்கள் வீட்டு கராஜில் வந்து குவிந்தன. நாங்கள் குபெர்டினோ பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் டெஸ்ட் டெக்னீஷியன். நான் வேறொரு கம்பெனியில் போர்டு அசெம்ப்ளி லைனில் இருந்தேன். விடியுமுன் கார்பூல் வந்து ஹாரன் அடிக்கும். பகல் முழுக்க ரெசிஸ்டரும் கண்டென்சரும் சொருகி ஈயம் வைப்பேன். வீட்டுக்கு வந்தால் கூந்தலில் அந்தப் புகை வாசம்தான். சனிக்கிழமையாவது ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை, கராஜில் அதே வேலை. அவருக்குக் கிட்டப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. சர்க்யூட் அவர் தலையில், சால்டரிங் அயர்ன் என் கையில். வாஷிங் மெஷின் ஒரு பக்கம் உருண்டுகொண்டிருக்கும், நான் ஒரு பக்கம் குனிந்துகொண்டிருப்பேன். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கழுத்து வலி.

வருகிறவர்கள் பெரும்பாலும் பாண்டு வாசிக்கிற வெள்ளைக்காரப் பையன்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றே: என்வலப்பை மாற்றித் தர வேண்டும். என்வலப் என்றால் அந்த மெஷினுக்குள் ஒரு பகுதி. அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். சர்ரென்று ஏறும். ஊதினால் கொஞ்சம் இறங்கும். தீயைக் குறைத்தால் அதே மட்டத்தில் நிற்கும். அணைத்தால் அடங்கிவிடும். கீபோர்டின் கட்டையை அமுக்கினால் சத்தமும் அப்படித்தான். எவ்வளவு வேகமாக ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும், விரல் இருக்கும்வரை எங்கே நிற்க வேண்டும், விரலை எடுத்தால் எப்படி அடங்க வேண்டும் என்று அந்தப் பகுதிதான் முடிவு செய்யும். அதற்குள் இருக்கும் கண்டென்சரைப் பெரிதாகப் போட்டால் எல்லாம் மெதுவாக நடக்கும், சிறிதாகப் போட்டால் வேகமாக நடக்கும். பையன்களுக்கு வேகம் வேண்டும். நெஞ்சில் குத்துகிற மாதிரி வேண்டுமாம். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

டீச்சர் வந்தது வேறு காரியமாக.

எங்கள் தமிழ் கிறிஸ்தவ ஆராதனை மாசத்தில் ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளைக்காரர் கோயிலில் நடக்கும். வெள்ளைக்காரர் ஆராதனை முடிந்து, பிறகு கொரியாக்காரர் ஆராதனை முடிந்து, சாயங்காலம் அந்தக் கோயிலின் பின் ஹால் எங்களுக்குக் கிடைக்கும். அவர்களுடைய ஆர்கனை நாங்கள் தொடக்கூடாது. அதனால் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு சிந்தசைசரைக் காரில் வைத்துக் கொண்டுவருவார். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் பேசுகிற பழைய மெஷின், மகன் எங்கோ கராஜ் சேலில் எடுத்துக் கொடுத்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர், கோயிலில் ஆர்கன் வாசித்தவர். ஊரில் வீடு எரிந்தபின் மகனிடம் வந்து சேர்ந்தார். வயதில் என்னைவிட மிகவும் மூத்தவர். எனக்கு அவரைப் பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும்.

அந்த வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கட்டை மேல் வைத்த விரல் தானாகக் கொஞ்சம் எழும்பும், திரும்ப விழும். அந்த மெஷினில் விரல் எழும்பி விழுந்தால் சத்தம் முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஒவ்வொரு சுரமும் டக் டக் என்று இரண்டாகக் கேட்கும்.

எங்கள் கமிட்டியில் ஒரு அண்ணாச்சி உண்டு. என் வீட்டுக்காரருக்கு ஊர்ப் பக்கம். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். காபி குடிக்கும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நம்ம ஆன்ட்டி ஒரு அல்லேலூயா கேட்டா ரெண்டா குடுக்காங்கப்பா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அப்புறம் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம் ஆன்ட்டி. சரிப்படலன்னா சான் ரமோன்ல ஒரு ஃபேமிலி, அவங்க பொண்ணு பியானோ கத்திருக்கா, புது கீபோர்டு வச்சிருக்கா. உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரின் மகன் அவரையும் மெஷினையும் எங்கள் கராஜில் இறக்கிவிட்டார். "அம்மா, இதை விடுங்கோவன். ஏன் இந்தக் கரைச்சல்?" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். கார் திரும்பியதும் டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சமையல் மருமகள் செய்யிறா. பேரன் இங்கிலீசில கதைக்கிறான், நான் தலையாட்டிறன். மாசத்தில ஒரு ஞாயிறு மட்டும் நான் ரீச்சர், பிள்ளை. அதையும் எடுத்துப்போட்டா நான் அந்த வீட்டில ஆர்?"

உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் முதலில் செய்தது சுலபமான வழி. சத்தம் டக்கென்று தொடங்குவதால்தானே நடுக்கம் வெளியே தெரிகிறது? ஏறுவதை மெதுவாக்கிவிட்டால் தெரியாது. பெரிய கண்டென்சர் எடுத்துத் தந்தார், நான் பழையதைக் கழற்றி இதைப் பற்றவைத்தேன். கராஜில் கேட்க அழகாகத்தான் இருந்தது, பஞ்சு மாதிரி. ஆனால் ஆராதனையில் கட்டையை அமுக்கி, சத்தம் எழும்பி வரும்வரை ஜனங்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து பாட, டீச்சர் அவர்களுக்காகக் காத்திருந்தார். அந்தப் பாட்டு முடிவேனா என்றது. "ஆன்ட்டி, பாட்டு எங்க நிக்குது? ஃப்ரீவேல டிராஃபிக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

திரும்ப கராஜ். திரும்ப மூடியைக் கழற்று. இவருக்கு அந்த வாரம் கம்பெனியில் ஓவர்டைம், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "வேற மாதிரி செய்வோம்ட்டி" என்றார். விரல் எழும்பினாலும் எழும்பவில்லை என்று மெஷினைக் கொஞ்ச நேரம் நம்பவைக்க வேண்டும். என்வலப்புக்குப் போகிற வழியில் ஒரு சின்ன சர்க்யூட். விரல் எடுத்த செய்தியைக் கண் சிமிட்டும் நேரம் பிடித்துவைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். அதற்குள் விரல் திரும்ப விழுந்துவிட்டால் எதுவும் நடக்காதது போல அதே சத்தம் தொடரும்.

நான் பற்றவைத்து முடித்ததும் டீச்சர் வந்து ஒரு கட்டையில் விரல் வைத்தார். விரல் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் நடுங்கவில்லை. கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. டீச்சர் தன் கையை, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தம்பி, இது ஆருடைய கை?" என்றார்.

இவர் சிரித்தார். பல வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆராதனையில் மெதுவான பாட்டு இரண்டும் எண்ணெய் போட்ட மாதிரிப் போயின. நான் கடைசி பெஞ்சில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், என் வழக்கமான இடத்தில் இருந்தேன். அப்பாடா என்று முதுகைச் சாய்த்தேன். மூன்றாவது வேகமான கீர்த்தனை. நம்முடைய பாட்டுகளில் ஒரு வார்த்தை முழுக்க ஒரே சுரத்தில் தட தடவென்று போகும் இடங்கள் உண்டல்லவா? ஒரே கட்டையை மூன்று தடவை, நாலு தடவை தட்ட வேண்டும். டீச்சர் தட்டினார். மெஷின் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரே ஒரு நீளச் சத்தம் போட்டது. பெண்கள் பக்கம் ஓட, ஆண்கள் பக்கம் நிற்க, பாட்டு இரண்டாகப் பிரிந்து எங்கோ போய் முட்டிக்கொண்டது. ஒரு குழந்தை சத்தமாக, "மம்மி, இஸ் இட் ஓவர்?" என்று கேட்டது.

காரில் மெஷினை ஏற்றும்போது இவர் டீச்சரிடம் சொன்னார்: "மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். விரல் நடுங்கி எழும்பினாலும், நீங்க வேணும்னு எடுத்துத் தட்டினாலும், அதுக்கு விட்டுட்டு வருது, அவ்வளவுதான் தெரியும். எதை விழுங்கணும் எதை விடணும்னு அதுக்குச் சொல்ல வழி இல்ல."

டீச்சர் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, "கர்த்தருக்கு வித்தியாசம் விளங்கும். அண்ணாச்சிக்கு விளங்காது" என்றார்.

அப்புறம் டிசம்பர் வரை எல்லா சனிக்கிழமையும் அந்த மெஷினோடுதான் போயிற்று. பிடித்துவைக்கும் நேரத்தைக் குறைத்தால் நடுக்கம் வெளியே வரும். கூட்டினால் தட்டு உள்ளே போய்விடும். இவர் குறைக்கச் சொல்வார், நான் கழற்றுவேன். கூட்டச் சொல்வார், பற்றவைப்பேன். அந்த இடத்தில் போர்டின் செம்பே பெயர்ந்துவர ஆரம்பித்துவிட்டது. கடைசியில், "போதும். ஒரு குமிழ் வச்சிருதேன். வேண்டிய மாதிரி திருக்கிக்கிடட்டும்" என்று முகப்பில் ஒரு துளை போட்டு ஒரு குமிழை மாட்டினார். மெதுவான பாட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம், வேகமான பாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் டக் டக் கேட்கத்தான் செய்யும். அதற்கு மேல் அவருக்கு வழி தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கிறிஸ்மஸ் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார், அந்த ஒரே சுரத்தில் ஓடுகிற வரியை. வராது, திரும்பத் தொடங்குவார், வராது. பிறகு களைத்துப்போய்க் கையை எடுக்காமல் அந்தக் கட்டை மேலேயே விரலை அழுத்திக்கொண்டு இருந்துவிட்டார். சத்தம் தன் பாட்டுக்கு நீண்டுகொண்டிருந்தது. அப்போது அவருடைய இன்னொரு விரல் நடுங்கி, கீழ்ப் பக்கத்துக் கட்டையில் பட்டது. அந்த மெஷினில் இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கினால் கீழே உள்ளதுதான் பேசும். அதை விட்டால் மேலே உள்ளது திரும்ப வரும். சத்தம் ஒரு தரம் கீழே தொட்டு மேலே ஏறியது. வாய்ப்பாட்டில் ஒரு சுரத்தை வளைப்போமே, அப்படி.

டீச்சர் நிமிர்ந்தார். வேண்டுமென்றே ஒரு தரம் செய்தார். வளைந்தது. வரியை முதலிலிருந்து எடுத்து, ஒரே கட்டையை இரண்டு தடவை தட்ட வேண்டிய இடத்திலெல்லாம் மேல் விரலை எடுக்காமல் கீழ்க் கட்டையைத் தொட்டுவிட்டு வந்தார். எண்ணிக்கை சரியாக விழுந்தது. அந்தத் தொடுகிற விரலும் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அது இப்போது தப்பாகக் கேட்கவில்லை.

"பிள்ளை, கேட்டனீரோ?" என்றார். "இவ்வளவு நாளும் சும்மா இருந்து ஆடின கைக்கு இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சிருக்கு."

இவரை எழுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், மனுசன் நித்திரை கொள்ளட்டும்" என்றார். அதற்குப் பிறகு என் தலையில் ஒரு கல்லைப் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை நீர் எனக்குப் பக்கத்தில வந்து இரும். நான் தலை அசைச்சா அந்தக் குமிழைத் திருகும். என்ர இடக்கையால அவ்வளவு சின்னதைப் பிடிக்க ஏலாது."

"ஐயோ டீச்சர், நான் முன்னால வரமாட்டேன்."

"முன்னால ஆர் வரச் சொன்னது? பக்கத்தில."

பக்கம் என்றாலும் அது முன்னால்தானே. இத்தனை வருஷத்தில் சபையில் நான் வாய் திறந்து ஜெபம்கூடச் சொன்னதில்லை. என்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கண்ணை மூடிக்கொள்கிறவள்.

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு டெக்சாஸிலிருந்துகூட உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். சான் ரமோன் பெண்ணும் தாய் தகப்பனோடு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தாள். அண்ணாச்சிதான் வரச் சொல்லியிருந்தார். ஹாலில் ஹீட்டர் ஓடவில்லை. குளிரில் டீச்சருக்கு நடுக்கம் அதிகம். நான் குனிந்த தலை நிமிராமல் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவான பாட்டுகளுக்குக் கூட்டிவைத்தேன், நன்றாகப் போயிற்று. அந்த வேகமான பாட்டு வந்தது. டீச்சர் என் பக்கம் தலையைத் திருப்பினார். குறைக்கச் சொல்கிறார் என்று குமிழைத் தொட்டேன். "விடும், அப்பிடியே இருக்கட்டும்" என்று உதடு அசையாமல் சொன்னார். முழுக்கக் கூட்டிய நிலையிலேயே வாசித்தார், மேல் விரலை எடுக்கப் போவதில்லை அல்லவா.

முதல் சரணம் ஜனங்கள் பழையபடி நேராகத் தட தடவென்று பாடினார்கள், டீச்சர் வளைத்து வாசித்தார். இரண்டும் ஒட்டவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாம் சரணத்தில் பெண்கள் பக்கம் யாரோ ஒருவர் அந்த வளைவைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்தார்கள். ஆண்கள் எப்போதும் போலக் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். முடியும்போது ஹால் முழுக்க வளைத்துத்தான் பாடியது. அண்ணாச்சி கையைத் தட்டிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இது எந்த ஊரு மெட்டு? உங்க யாழ்ப்பாணத்து மெட்டா?" என்றார்.

"இல்லை தம்பி, கராஜ் மெட்டு."

"சூப்பர். அப்ப அடுத்த மாசமும் நீங்கதான். பேச்சே இல்ல."

டீச்சர் வயரைச் சுற்றினார். நான் மெஷினின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன். பார்க்கிங்கில் வைத்துச் சொன்னார்: "ஈஸ்டருக்கு அந்தச் சான் ரமோன் பிள்ளை வாசிக்கட்டும். நானே அண்ணாச்சியிட்டச் சொல்லுறன்."

"ஏன் டீச்சர்? அவரே கேட்டாரே."

"கேட்டவர். அதாலதான். அவையள் எடுக்க முதல் நான் குடுக்கிறன், பிள்ளை. களைச்சுப்போனன். ஒரு பாட்டுக்கு நான் எவ்வளவு களவு செய்ய வேண்டிக் கிடக்கு, பாத்தனீர்தானே." பிறகு, "உம்மட மனுசனுக்கும் சனிக்கிழமை நித்திரை வேணும்" என்றார்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போகிற வழியில் அதைவிட அதிகமாக உடம்பு லேசான மாதிரிதான் இருந்தது. இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போது, "குமிழைக் கழட்டணுமா?" என்று கேட்டார். டீச்சர் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு டீச்சர் பெண்கள் வரிசையில் இருந்து பாடினார். கையை மடிக்குள் வைத்துக்கொள்வார். அப்போதும் அண்ணாச்சி தவிர எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அது அவருக்குப் போதுமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை. புது கீபோர்டு சுத்தமாக, நேராக வாசித்தது. ஜனங்கள்தான் நேராகப் பாடவில்லை. அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு மறுவருஷம் வந்தபோது கீபோர்டு தட தடவென்று போக, ஹால் முழுக்க வளைத்தது. அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தி, "யாருப்பா இந்த வளைவைக் கொண்டாந்தது?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெண் திரும்பி, "வை டூ தே டூ தட்?" என்று தன் அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. டீச்சர் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன், எனக்குத் தெரியும், ஆனால் எழுந்து சொல்கிற ஆளா நான்?

பிறகு இவருக்கு ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்து டெக்சாஸுக்கு வந்துவிட்டோம். டீச்சர் காலமான செய்தி போனில்தான் வந்தது. மெஷின் யாரிடம் போயிற்று என்று தெரியாது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். மெஷின் வேலை நான் கையால் செய்ததே தவிர, படித்துச் செய்ததில்லை. கண்டென்சர் பெரிதானால் மெதுவாகும் என்று எழுதியிருக்கிறேன். பிடித்துவைக்கிற அந்தச் சின்ன சர்க்யூட்டை என்வலப்புக்கு முன்னால் போட்டோம் என்றும் எழுதியிருக்கிறேன். பின்னால் போட்டோமோ என்று இப்போது ஒரு சந்தேகம். கேட்க இவரும் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பாக இருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள். அந்த சபைக்கு இப்போது போகிறவர்கள் யாராவது இருந்தால், அந்த ஆராதனை அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்றைக்கா, அதற்கு முந்தின ஞாயிறா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். எனக்கு ஞாயிறு என்றுதான் நினைப்பு.